எலிக்குக் கட்டி வந்த மருந்தை நான் தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய்க்காக வாரம் ஒருமுறை செமாகுளூட்டைட் ஊசி போட்டுக்கொள்கிறேன். சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் ஊசியோடு வந்த தாளில், இந்த மருந்து எலிகளுக்குத் தைராய்டு கட்டிகளை உண்டாக்கியதாகப் போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ஒன்றை உடனே விசாரியுங்கள். உங்களுக்கோ ரத்த உறவுகளில் யாருக்காவதோ மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய், அல்லது எம்.இ.என்.-2 என்ற பரம்பரை நோய் இருந்ததா? இருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

சரி, எலிக் கதைக்கு வருவோம். நீண்ட காலம் எடுக்க வேண்டிய மருந்துகளைப் பொதுவாக எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் வரை, அதாவது கிட்டத்தட்ட அவற்றின் ஆயுள் முழுக்கக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மனிதருக்குத் தருவதைவிடப் பல மடங்கு அதிகமாகவே கொடுப்பார்கள். அதனால் "அளவு அதிகம், அதுதான் கட்டி வந்தது" என்று பலர் ஆறுதல் சொல்வதுண்டு. உங்கள் மருந்துக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. மனிதர் ரத்தத்தில் இருக்கக்கூடிய அளவிலேயே எலிகளுக்குக் கட்டி வந்தது.

இங்கே பார்க்க வேண்டியது, கட்டி எந்த வழியில் வந்தது என்பதைத்தான். கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பவை தைராய்டில் உள்ள சி-செல்கள். மேலே சொன்ன மெடுல்லரி வகைப் புற்றுநோய் தோன்றுவது இவற்றில்தான். எலியின் சி-செல்களில் இந்த மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. மருந்து அவற்றை ஓயாமல் தூண்ட, செல்கள் பெருகிக் கட்டியாகின்றன. மனிதரின் சி-செல்களில் அந்த ஏற்பிகள் மிகக் குறைவு.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் எலிகளின் இரைப்பையில் கட்டிகளை உண்டாக்கிய மருந்துதான். அமிலம் வெகுவாகக் குறைந்ததும் காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறியது, அதற்கு எலியின் செல்கள் மிக வேகமாகப் பெருகின. பல ஆண்டுகளாக உலகெங்கும் மக்கள் அந்த மருந்தை எடுக்கிறார்கள். எலிகளில் கண்டது மனிதரிடம் அப்படியே நடக்கவில்லை.

இதை வைத்து எலி ஆய்வுகளே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உடல் எடை குறைக்க வந்த லார்காசெரின் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியிருந்தது. அப்படியிருந்தும் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்புறம் சுமார் 12,000 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் 2020-இல் மருந்து விலக்கப்பட்டது, என் பார்வையில் அது சரியான முடிவு. எலியில் கட்டி தென்பட்டால் மனிதர்களைக் கண்காணித்தே ஆக வேண்டும்.

உங்கள் ஊசி இருக்கும் ஜி.எல்.பி.-1 வகை மருந்துகளிலும் அந்தக் கண்காணிப்பு நடக்கிறது. பிரான்சில் ஓர் ஆய்வு சந்தேகத்தைக் கிளப்பியது. ஐரோப்பிய மருந்து முகமை தரவுகளை ஆராய்ந்து, இந்த மருந்துகள்தான் தைராய்டு புற்றுநோய்க்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் போதாது என்று 2023-இல் சொன்னது. அடுத்த ஆண்டு டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளில் இவற்றை எடுத்த சுமார் 1.45 லட்சம் பேரைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியானது. அதில் ஆபத்து பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை. மிகச் சிறிய கூடுதல் ஆபத்து இருக்கவே முடியாது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது; மெடுல்லரி வகை அவ்வளவு அரிது. மறுபக்கம், கட்டுப்படாத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. குடும்பத்தில் அந்த நோய் இல்லையென்றால், உங்கள் இடத்தில் நான் ஊசியைத் தொடர்வேன்.

கழுத்தில் கட்டி, ஆறாத குரல் கம்மல், விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதபோது பயத்தினால் மட்டும் கழுத்து ஸ்கேனோ கால்சிடோனின் பரிசோதனையோ செய்துகொள்ளத் தேவையில்லை. தைராய்டில் சிறு முடிச்சுகள் ஏராளமானவர்களுக்கு உண்டு, பெரும்பாலும் அவை தீங்கற்றவை. ஸ்கேனில் அவை தென்பட்டுவிட்டால் ஊசி குத்திப் பரிசோதனை, தேவையில்லாத அறுவை சிகிச்சை என்று இழுத்துக்கொண்டே போகும்.