சாயம் ஏன் போகுது, லாபம் எங்க போகுது? – வாசகர் கேள்விகள்

வணக்கம் மக்களே. கைத்தறி, சாயம், துணி பிசினஸ் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு எடிட்டர் போன இதழ்ல போட்டாலும் போட்டாங்க, கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. எங்களைத் தெரியாதவங்களுக்காக ஒரு வரி. மதுரைல எங்க குடும்பம் சின்னதா ஒரு துணி பிராண்ட் நடத்துது. மாமனார் தறி, மாமியார் சுங்குடி முடிச்சு (துணியைப் புள்ளி புள்ளியா நூலால முடிஞ்சு சாயம் போடறது), வீட்டுக்காரர் சாயத்தொட்டி, நான் டிசைன், கணக்கு, போட்டோ, பார்சல், அப்புறம் கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குறது. சரி, கேள்விக்குப் போவோம்.

அக்கா, கருநீல சுங்குடி சேலை வாங்குனேன், முதல் வாஷ்லயே தண்ணி பூரா நீலம். கூட ஊறவச்ச அப்பாவோட வெள்ளைச் சட்டையும் போச்சு. உப்புத் தண்ணில ஊறவச்சா சாயம் நிக்கும்னு பாட்டி சொல்றாங்க, நிஜமா? – கல்லூரி மாணவி, கோவை

பாட்டிகிட்ட சண்டைக்குப் போகாத கண்ணு, ஆனா உப்பு சாயத்தைப் பிடிச்செல்லாம் வைக்காது. உப்புக்கு வேலை இருக்கறது சாயப்பட்டறைல, தண்ணில கரைஞ்சு கிடக்கற சாயத்தை நூலுக்குள்ள தள்ளிவிடறதுக்கு, அதுவும் சில வகை சாயத்துக்குத்தான். சாயம் ஏறி, காஞ்சு, கடைக்கு வந்து, பில்லும் போட்டதுக்கப்புறம் நீ பக்கெட்ல ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

கருநீலம், கருப்பு, மெரூன் மாதிரி அடர்த்தியான கலர்ல நூலுக்குள்ள போகாத சாயம் மேலாப்புல கொஞ்சம் ஒட்டிட்டு நிக்கும், அதைப் பட்டறைலயே தண்ணி தெளியற வரைக்கும் அலசி எடுக்கணும், ஆனா அதுக்கு தண்ணி வேணும், நேரம் வேணும், ஆளு வேணும், அதனால நாலு அலசு அலச வேண்டிய இடத்துல ரெண்டோட நிறுத்திட்டு மீதியை உன் வீட்டு பக்கெட்டுக்கு அனுப்பிடறாங்க. முதல் மூணு நாலு வாஷ் தனியா போடு, பச்சைத் தண்ணி, ஊறவே வைக்காத, சோப்பு கம்மியா, நிழல்ல காயப்போடு. நாலாவது வாஷுக்கு அப்புறமும் தண்ணி கலரா வந்துச்சுன்னா அது உன் தப்பு இல்ல, கடைல கொண்டுபோய் கொடுத்து கேளு. "கைச்சாயம்னா அப்படித்தான் போகும்"னு சொல்லுவாங்க, ஒத்துக்காத. ஒழுங்கா போட்ட கைச்சாயம் அப்படிப் போகாது.

அவுரி (இண்டிகோ) நீலம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. அது நூலோட ரசாயனமா சேராது, நூலுக்குள்ள போய் கரையாத துகளா உக்காந்துக்கும், அதனால தண்ணில போறதை விட உரசுனா போகும். புது அவுரி சேலை கட்டிட்டு வெள்ளை சோபால உக்காராத, அவ்ளோதான்.

அப்பா சட்டையை அயர்ன் பண்ணலன்னா இன்னும் சான்ஸ் இருக்கு, திரும்பத் திரும்ப அலசிப் பாரு.

நேச்சுரல் டைன்னு போட்டா கெமிக்கலே கிடையாதுன்னு அர்த்தமா? குழந்தைக்கு சட்டை தைக்கணும். – ஒரு அம்மா, திருச்சி

கிடையாதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்கம்மா. பருத்தில இயற்கைச் சாயம் சும்மா ஏறாது. முதல்ல கடுக்காய்த் தண்ணில நனைக்கணும், அப்புறம் படிகாரம், அதுக்கப்புறம்தான் சாயவேரோ மஞ்சிட்டியோ செவப்பு கொடுக்கும். கருப்பு வேணும்னா துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணில போட்டு வாரக்கணக்குல புளிக்க வைப்போம், அந்தத் தண்ணி கடுக்காய் ஏறின துணில பட்டதும் கருத்துடும், பாக்கவே மேஜிக் மாதிரி இருக்கும் (நாத்தம் மட்டும் தாங்காது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு தீபாவளிக்கு எக்ஸ்ட்ரா ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கறது இதுக்காகத்தான்). படிகாரமும் கெமிக்கல்தான், அவுரித் தொட்டில போடற சுண்ணாம்பும் கெமிக்கல்தான். இதெல்லாம் பயப்படற அளவுக்கு இல்ல. ஆனா கலர் பளிச்சுன்னு வரணும்னு குரோமியம், காப்பர் உப்பு சேர்க்கறவங்களும் "நேச்சுரல்"னுதான் லேபிள் ஒட்டறாங்க. அதனால எந்த இலை, எந்த வேருன்னு கேக்கறதோட விடாம, சாயத்தைப் பிடிக்க வைக்க என்ன போடறீங்கன்னு கேளுங்க. படிகாரம், கடுக்காய், இரும்புன்னு பதில் வந்தா வாங்குங்க.

செயற்கைச் சாயம்னாலே விஷம்ங்கறதும் சரி கிடையாது. 1897லயே ஜெர்மனில பிஏஎஸ்எஃப் கம்பெனி செயற்கை அவுரியை மார்க்கெட்டுக்கு கொண்டு வந்துட்டாங்க, அதுல இருக்கற நீலமும் திண்டிவனம் பக்கம் வெளையற அவுரிச்செடில இருந்து எடுக்கற நீலமும் ஒரே பொருள்தான். வித்தியாசம் அதைத் தயாரிக்கற விதத்துலயும் கழிவு எங்க போகுதுங்கறதுலயும். செயற்கைச் சாயத்துல அசோ (azo)ன்னு ஒரு ரகம் இருக்கு, அதுல சிலவகைதான் நிஜமாவே பிரச்சனை, அதை இந்தியா 1997லயே தடை பண்ணிருச்சு. கழிவு பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா, நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலந்த கதை தமிழ்நாட்டுல யாருக்குத் தெரியாது, 2011ல ஹைகோர்ட் உத்தரவு போட்டு திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடற அளவுக்குப் போச்சு.

குழந்தை சட்டைக்கு மஞ்சள்ல சாயம் போட்டது மட்டும் வேணாம். வெயில்ல வெளுத்துடும், சோப்பு பட்டா செவக்கும். மாதுளைத் தோல் மஞ்சள் கொஞ்சம் நல்லா நிக்கும்.

கைத்தறியா பவர்லூமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? யூட்யூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. – ரிட்டயர்டு டீச்சர், தஞ்சாவூர்

டீச்சர், ஓரத்துல ஊசிக்குத்து இருந்தா கைத்தறின்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க, அது பாதி உண்மை. பவர்லூம் துணிலயும் குத்து இருக்கும். பாருங்க, தறில துணி அகலம் சுருங்காம இருக்க ரெண்டு பக்கமும் முள்ளு வச்ச ஒரு குச்சியை மாட்டி விரிச்சு வச்சிருப்போம், கொஞ்சம் நெய்ஞ்சதும் அதைக் கழட்டி முன்னாடி தள்ளி மாட்டணும். மாமனார் கையால தள்ளறதால அந்தக் குத்து விட்டு விட்டு, கோணல்மாணலா வரும். மெஷின்ல முள்ளு உருளை கூடவே ஓடறதால ஒரே கோடா, ஒரே இடைவெளில வரும். ஓரம் வெட்டுன மாதிரி பிசிறா இருந்தா அது நாடா (குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போற கட்டை) இல்லாத புது மெஷின்ல வந்தது, யோசிக்கவே வேணாம்.

அப்புறம் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கைல அடிச்ச ஊடைல (குறுக்கு நூல்ல) லேசா நெருக்கம், தளர்வு மாறும். மதியம் சாப்பிட்டு வந்து உக்காந்த இடம் எதுன்னு எங்க மாமனார் துணியைப் பாத்தே நான் சொல்லிடுவேன். அதுக்காக துணி மட்டமா இருக்கணும்னு இல்ல, நல்ல நெசவாளி துணில இதைக் கண்டுபிடிக்கறது கஷ்டம்தான். 2006ல இருந்து மத்திய அரசோட கைத்தறி முத்திரை லேபிள் இருக்கு, அதையும் பாருங்க, ஆனா சின்ன வீட்டுத்தறிக்காரங்க நிறைய பேரு அதை வாங்கவே இல்ல, அதனால லேபிள் இல்லன்னா பொய்னு முடிவு பண்ணிடாதீங்க.

இன்னொண்ணு, எங்க ஊர்க்காரங்களே கோவிச்சுக்குவாங்க, பரவால்ல. சுங்குடின்னாலே கைத்தறின்னு நெனைக்காதீங்க. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, ஆனா கடைல தொங்கறதுல நிறைய மில் துணில மெழுகு அச்சோ ஸ்கிரீன் பிரிண்டோ அடிச்சது. கை முடிச்சுன்னா புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, துணி அங்கங்க லேசா சுருங்கி நிக்கும், திருப்பிப் பாத்தா பின்னாடியும் அதே அடர்த்தில கலர் இருக்கும். பிரிண்ட்னா பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். பிரிண்ட் வாங்கறது தப்பே இல்ல, பிரிண்ட் விலைக்கு வாங்குங்க.

கைல 2 லட்சம் இருக்கு. நானும் அண்ணியும் சேர்ந்து கைத்தறி குர்த்தா, சட்டை பிராண்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். விலை எப்படிப் போடறதுன்னே புரியல, நெட்ல துணி விலையை ரெண்டால பெருக்குன்னு போட்டிருக்கு. – ஒரு வாசகி, சேலம்

ரெண்டால பெருக்குனா ஆறு மாசத்துல அண்ணியோட பேச்சுவார்த்தை நின்னுடும். ஒரு நோட்டு எடுத்து ஒரே ஒரு சட்டைக்கு எழுதுங்க. துணி, அதுல வெட்டுல போற வேஸ்ட், சாயக்கூலி, தையல், பட்டன், கவர், கூரியர், போட்டோ, ரிட்டர்ன் வந்தா ரெண்டு பக்க கூரியரும். முதல் வாஷ்ல துணி சுருங்கும், அதனால தைக்கறதுக்கு முன்னாடி துணியை நனைச்சுக் காயவச்சு இஸ்திரி போடணும், அந்தக் கூலியையும் எழுதுங்க. சாயத்துல பழுது வந்து ஓரங்கட்டற பீஸ் இருக்கும், அந்த நஷ்டத்தை நல்ல பீஸ் மேல பிரிச்சுப் போடுங்க. இதுக்கு அப்புறம்தான் முக்கியமான வரி வருது, உங்க ரெண்டு பேரோட சம்பளம். லாபத்தோட சேர்த்துடாதீங்க, சம்பளம் வேற. வெளிய ஒரு டெய்லர் வச்சா மணிக்கு என்ன கொடுப்பீங்க, அதையே அண்ணி பேர்ல எழுதுங்க.

இதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க. வீட்டு ஆளுங்கதானேன்னு விட்டுட்டு கம்மி விலைக்கு விக்கறாங்க, அதைப் பாத்துட்டு அடுத்த தெருவுல கூலிக்கு ஆள் வச்சு செய்யறவனும் விலையை இறக்க வேண்டியதாகுது, கடைசில நெசவாளிகிட்ட போய் கூலியைக் குறைங்கறாங்க. கைத்தறி கூலி ஏன் ஏறவே மாட்டேங்குதுன்னு மேடை போட்டு பேசறவங்க இந்த அடுப்பங்கரைக் கணக்கைக் கொஞ்சம் பாக்கலாம்.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சின்னத் தொழிலுக்கான அரசுப் பதிவு) ஃப்ரீ, யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. பிராண்ட் பேரை ட்ரேட்மார்க் பண்ணும்போது தைச்ச உடைக்கு 25ஆம் வகுப்பு, வெறும் துணிக்கு 24. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர்ல மாறுச்சு, தைச்ச உடை ஒண்ணு 2500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. 2600ன்னு விலை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. 2 லட்சத்தையும் முதல் ஆர்டர்லயே துணியா வாங்கிக் குவிச்சிடாதீங்க, பாதிக்கு மேல கைல இருக்கட்டும். கடைக்காரங்க "வித்ததும் காசு தரேன்"னு சரக்கு கேப்பாங்க, பத்து பீஸுக்கு மேல அப்படிக் கொடுக்காதீங்க, எழுதி கையெழுத்து வாங்காம ஒண்ணு கூட கொடுக்காதீங்க.

கல்யாணமாகி வந்ததுல இருந்து மாமனார் வீட்டுத் தறிக்கு தார் (நாடாக்குள்ள வைக்கற நூல் கண்டு) சுத்தறேன், பாவுல (தறில நீளவாட்டுல ஓடற நூல்ல) அறுந்ததை முடியறேன், இப்ப புதுசா பிராண்ட் ஆரம்பிச்சு ஆன்லைன் ஆர்டர், பேக்கிங் எல்லாம் என் தலைலதான். இன்ஸ்டால "மூன்று தலைமுறை ஆண்கள் நெய்த கதை"ன்னு வீட்டுக்காரர் போடறார். காசு கேட்டா "நம்ம குடும்பத் தொழில்தானே"ங்கறாங்க. நான் தப்பா நெனைக்கறேனா? – பேர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

தப்பே இல்லம்மா, உங்க லெட்டரை எங்க மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன், அவங்க ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் காபி போட்டுட்டு வந்தாங்க, அதுலயே தெரிஞ்சுக்கோங்க.

தறில உக்காந்திருக்கறவங்க நாடாவை அடிக்கணும்னா பக்கத்துல தார் ரெடியா இருக்கணும், தார் சுத்தறவங்க ஒரு நாள் படுத்துட்டா தறி நிக்கும். பாவுக்குக் கஞ்சி போடறதுல இருந்து துணி மடிக்கற வரைக்கும் வீட்டுப் பொம்பளைங்க கை படாத கஜம் ஒண்ணு கூட கிடையாது, ஆனா கூலி பேசறது நெசவுக்கு மட்டும்தான், அதுவும் ஆம்பளை பேர்ல.

சண்டையா ஆரம்பிக்காதீங்க. ஒரு மாசம் நோட்டுல எழுதி வைங்க, இன்னைக்கு இத்தனை தார், இத்தனை பார்சல், இத்தனை மணி நேரம் போன்ல கஸ்டமர். அப்புறம் தார் சுத்த வெளில ஆள் வச்சா என்ன கூலி, பேக்கிங்குக்கு ஆள் வச்சா என்ன கூலின்னு விசாரிச்சு பக்கத்துல எழுதுங்க. வீட்டுக்காரர்கிட்ட அந்த நோட்டைக் கொடுத்துட்டு, "இந்தக் காசை விலைல ஏத்தினா நம்ம துணி விக்குமா?"ன்னு மட்டும் கேளுங்க. விக்கும்னா உங்க கணக்குல மாசாமாசம் போடட்டும், உங்க பேர்ல தனி பேங்க் அக்கவுண்ட், ஜாயின்ட் வேணாம். விக்காதுன்னா அந்த பிராண்ட் ஓடறதே உங்க சம்பளத்தை முழுங்கித்தான்னு அவருக்கே புரியும். நெசவாளர் அடையாள அட்டை விஷயத்தையும் விசாரிங்க, நெசவுக்கு முந்தின, பிந்தின வேலை செய்யறவங்களையும் கைத்தறிக் கணக்கெடுப்புல சேர்க்கறாங்க, அதுல உங்க பேரு இருக்கான்னு பக்கத்து கைத்தறி அலுவலகத்துல கேட்டுப் பாருங்க.

இன்ஸ்டா கேப்ஷனைப் பொறுத்தவரைக்கும், பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு? ஆர்டர் பாக்கறது நீங்கன்னா உங்ககிட்டதான் இருக்கும். மாத்திடுங்க.

போன வருஷம் வாங்குன அவுரி சட்டைக்கு ஜோடியா இன்னொண்ணு வாங்குனேன், ரெண்டும் ஒரே நீலம் இல்ல. ஏமாத்திட்டாங்களா? – ஒரு வாசகர், பெங்களூரு

இல்ல தம்பி. தொட்டிலேர்ந்து எடுக்கும்போது துணி பச்சையாத்தான் வரும், காத்து பட்டுப் பட்டுதான் நீலமாகும், அதை எத்தனை முறை முக்கி எடுக்கறோம், தொட்டி எத்தனை நாள் பழசு, அன்னைக்கு எவ்ளோ சூடு, எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி நீலம் மாறும். ஜோடி வேணும்னா ஒரே நாள்ல ரெண்டும் வாங்கிடுங்க.

ஆகஸ்ட் 7 கைத்தறி தினத்துக்கு உங்க கடைல டிஸ்கவுண்ட் உண்டா அக்கா? – மூணு பேரு கேட்டிருக்காங்க

1905ல அந்தத் தேதில கல்கத்தால சுதேசி இயக்கம் ஆரம்பிச்சாங்க, அதை வச்சுத்தான் 2015ல இருந்து கொண்டாடறாங்க. அன்னைக்குப் போய் நெசவாளி கூலில கை வைக்கச் சொல்றீங்களே. டிஸ்கவுண்ட் இல்ல. சாயத்துல பழுது வந்த பீஸ் எல்லாம் ஒரு மூட்டை இருக்கு, அதை அன்னைக்குக் கம்மி விலைல போடுவோம், எங்க பழுதுன்னு சாக்பீஸ்ல வட்டம் போட்டே வச்சிருப்போம். வர்றவங்க காலைலயே வந்துடுங்க, போன வருஷம் பதினோரு மணிக்கெல்லாம் தீர்ந்துருச்சு.