அமெரிக்க மேற்குப் பகுதியின் குடியேற்றக் காலத்தைக் காட்டும் பழைய வெஸ்டர்ன் படங்களில் பெண்கள் அழகுக்கு மட்டும்தான் வைக்கப்பட்டார்களா?

கேட்டவர் அண்மையில் ‘ஹை நூன்’ போன்ற ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சலிப்புடன் எழுதியிருக்கிறார் என்று எண்ணுகிறேன். அழகுக்கு மட்டும் என்று சொன்னால் அந்த நடிகைகளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அந்தப் பாத்திரங்களுக்குத் துணிவும் அறிவும் இருந்தன. ஆனால் கதை முடியும்போது யாருக்கு இடம் உண்டு என்பதை அவர்களுடைய குலமும் ஊர்ப்பேச்சுமே தீர்மானித்தன.

இது எனக்கு ஆறாத விஷயம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்த் திரைப்பட வட்டமொன்றில், 1952இல் ஃப்ரெட் ஜின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’ படத்தைத் திரையிட்டார்கள். பின்னர் நடந்த உரையாடல் முழுவதும், படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே கம்யூனிஸ்ட் தொடர்புகளை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அழைக்கப்பட்ட திரைக்கதையாசிரியர் கார்ல் ஃபோர்மனைப் பற்றியே இருந்தது. நான் எழுந்து, கேட்டி ஹுராடோ நடித்த ஹெலன் ராமிரெஸைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். “அம்மா, இது அரசியல் படம், பெண்கள் பிரச்சினையை இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று ஒருங்கிணைப்பாளர் என்னை உட்காரச் சொன்னார். ஒரு மெக்சிகோ பெண் கடை நடத்துவதற்கு அந்த ஊரில் வெள்ளைக்காரர் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் மறைவாகப் பங்காளியாக இருக்க நேர்ந்தது அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இன்றைய அளவுகோலை அன்றைய படத்தின்மீது வைக்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் படங்கள் காட்டும் காலத்தின் அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே 160 ஏக்கர் வரை நிலம் கோர முடிந்தது, 1869இல் வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. அப்படி நிலம் பெற்று உழுத பெண்ணைத் திரையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி ஆசிரியையும் மதுக்கூடப் பெண்ணும் மட்டும் படத்துக்குப் படம் வந்துகொண்டிருந்தார்கள்.

ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) இதை ஒரு சாப்பாட்டு மேசையிலேயே காட்டிவிடுகிறது. பாலியல் தொழில் செய்பவள் என்று ஊர்ப் பெண்மணிகள் கூடித் துரத்திவிட்ட டல்லஸ், இராணுவ அதிகாரியின் மனைவிக்கு அருகில் அமர்கிறாள். உடனே ஒரு கனவான் அந்த மனைவியை எழுப்பி மேசையின் மறுகோடிக்கு அழைத்துச் செல்கிறான். டல்லஸாக நடித்த கிளேர் டிரெவர் அப்போது அழுவதில்லை, முகம் மட்டும் இறுகிப்போகிறது. அதே மனைவிக்குப் பிரசவமாகும்போது இரவெல்லாம் விழித்திருந்து குழந்தையை ஏந்தி வருபவளும் டல்லஸ்தான். ஃபோர்ட் அவளுக்கு ஒரு நல்வாழ்வைத் தருகிறார், ஆனால் மெக்சிகோ எல்லைக்கு அப்பால். அவருடைய ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தில் லுக் என்ற பழங்குடிப் பெண்ணை மேட்டிலிருந்து உதைத்து உருட்டிவிடுவதை நகைச்சுவையாக எடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை என்னால் மன்னிக்க முடியாது.

ஹெலனுக்கே திரும்புகிறேன். கொலைகாரர்களை எதிர்கொள்ள ஊரில் தங்கிவிட்ட காவல் அதிகாரியான கணவனைத் தனியே விட்டுச் செல்லத் துணிந்த ஏமியிடம், அவன் என்னுடையவனாக இருந்தால் துப்பாக்கி எடுத்துப் போராடுவேன் என்று சொல்பவள் அவள்தான். கொலையை வெறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஏமி, முதல் வெடிச்சத்தம் கேட்டு ரயிலிலிருந்து இறங்கி ஓடி, ஜன்னல் வழியே ஒருவனைச் சுட்டுக் கணவனைக் காப்பாற்றுகிறாள். அந்தச் சொற்களைச் சொன்னவளோ ரயிலிலேயே போய்விடுகிறாள்.

அதற்கு முன், விடைபெறும் வேளையில், அந்தக் கணவனாக நடித்த கேரி கூப்பரிடம் ஹெலன் ஸ்பானிய மொழியில் ஒரு வரி சொல்கிறாள். எங்கள் திரையிடலில் அந்த இடத்தில் வசனவரி வெறுமையாகவே இருந்தது. அதற்கு முன்பே இருமுறை படத்தைப் பார்த்து, அகராதியின் துணையுடன் அதன் பொருளை அறிந்து வைத்திருந்தேன்: “உன்னைப் பார்த்து ஒரு வருடமாயிற்று.” அன்று இந்த ஒரு வரியை அவையில் சொல்லத்தான் எழுந்து நின்றேன்.