ஏழு பாகை மேடு

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் எங்கள் பழைய வீட்டுக்கு ஏறும் பாதை சுவர்போல் நிற்கும் என்று அப்பா எப்போதும் சொல்வார். போன வாரம் அவருடன் போய்க் கைப்பேசியில் அளந்தேன், 7 பாகைதான். "இதற்கா இத்தனை வருடக் கதை?" என்றேன். அவர் அதன்பின் பேசவில்லை. இடையில் பாதையைச் சமப்படுத்திவிட்டார்களா, இல்லை நினைவுதான் பொய் சொல்கிறதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

1960களில் பிடோக் வட்டாரக் குன்றுகளை வெட்டிக் கடலைத் தூர்த்த ஊர் இது. உங்கள் பாதையும் மாறியிருக்கலாம். அதைப் பழைய நிலப்படங்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொய் என்று எழுதினீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டென்னிஸ் புராஃபிட்டும் அவருடன் இருந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டின் அடியில் நின்று பார்த்தவர்கள் 5 பாகைச் சரிவை ஏறத்தாழ 20 என்றும், 10 பாகையை 30 என்றும் சொன்னார்கள். அவர்கள் நினைவிலிருந்து சொல்லவில்லை, கண்ணெதிரே மேட்டை வைத்துக்கொண்டு சொன்னார்கள். முதுகில் சுமை இருந்தால் மேடு இன்னும் செங்குத்தாகத் தெரியும் என்று அதே குழு பிறகு சொன்னதை ஃபிராங்க் டர்ஜின் போன்ற உளவியலாளர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு எப்படிப் போனாலும், சரிவைக் கூட்டிப் பார்ப்பது எல்லாருடைய கண்ணுக்கும் உள்ள இயல்பு என்பதில் தகராறு இல்லை. கைப்பேசியை எடுக்கும் முன் உங்கள் கண்ணும் 7 என்று சொல்லியிருக்காது. அப்படியிருக்க, அப்பாவை மட்டும் குற்றவாளியாக நிறுத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இதே தவற்றை நானும் செய்தேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இருக்கிறது. 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சாய்வு, 5 பாகைக்கும் சற்றுக் குறைவு. அதில் இறங்கும்போதெல்லாம் அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "செங்குத்தா இருக்குய்யா" என்பார். ஒருநாள் பொறுமையிழந்து கணக்கைச் சொன்னேன். அவரும் உங்கள் அப்பாவைப்போல் வாய் மூடிக்கொண்டார். அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்த 1995 ஆய்வில் இன்னொன்றும் உண்டு. மேட்டைப் பார்த்தபடி, உள்ளங்கையை ஒரு பலகையில் வைத்து அதன் சாய்வைக் காட்டச் சொன்னபோது, வாயால் 20 என்றவர்களே உண்மைக்கு மிக நெருங்கிக் காட்டினார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மறுபடி அங்கே அழைத்துப் போங்கள். கைப்பேசி வேண்டாம். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, அந்த மேட்டைக் கையால் காட்டச் சொல்லுங்கள்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். செங்குத்து என்றுதான் இப்போதும் சொன்னார். ஆனால் கைப்பிடிமேல் விரித்து வைத்த உள்ளங்கையில் விரல்நுனி மட்டும் சற்றே எழுந்தது.