மகள் யோகா வகுப்பு தொடங்கட்டுமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதுரையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

மகள் பி.காம். கடைசி வருடம். பள்ளி நாளிலிருந்தே யோகா, மாநிலப் போட்டி வரை போய்ப் பதக்கம் வாங்கியவள். இப்போது மெயின் ரோட்டில் ஒரு மாடி ஹாலைப் பார்த்து வைத்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறாள். அப்பா வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். "இதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான், அதில் சந்தேகம் வேண்டாம். உங்கள் மகள் மனதில் வைத்திருக்கும் வேலையும் அந்த ஹாலுக்குள் தினமும் செய்யவேண்டிய வேலையும் வேறு வேறு என்பதுதான் சிக்கல்.

சின்ன அளவில் யோகா நிலையம் நடத்துகிறவர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். நன்றாக நடத்துகிறவர்களும் உண்டு, ஒன்றிரண்டு வருடத்தில் பூட்டிவிட்டு வேலை கேட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. போட்டியில் ஜெயித்த பிள்ளைகள் வகுப்பு நடத்துவதில் தடுமாறுவதை நிறையப் பார்த்தாயிற்று. கண்டபேருண்டாசனம் போன்ற கடினமான போட்டி ஆசனத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும், முழங்கால் வலியோடு வரும் ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரால் தரையில் உட்காரவே முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காரவைத்து, ஒரு காலை மெல்ல நீட்டி மடக்கச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொள்கிறாரா என்று பார்க்கவேண்டும். அதே நிமிடத்தில் பின்வரிசையில் யாரும் சொல்லாமலே தோளில் நிற்கும் சர்வாங்காசனத்துக்குக் காலைத் தூக்கும் ஐ.டி. பையனின் கழுத்தையும் கவனிக்கவேண்டும். சேரும் அன்றே ரத்த அழுத்தம், முதுகுத்தண்டு வட்டு விலகல், கர்ப்பம், கண் அழுத்த நோய் எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கவேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தினால் கண்ணுக்குள் அழுத்தம் இன்னும் ஏறும். இதையெல்லாம் போட்டி மேடை கற்றுத்தராது. இன்னொருவர் வகுப்பில் உதவியாளராக நின்றால்தான் வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். முப்பது பேர், தலைக்கு மாதம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36,000. ஹால் வாடகை 15,000. மின்கட்டணம், கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்குச் சம்பளம், தண்ணீர், நோட்டீஸ் எல்லாம் சேர்த்து 5,000. கையில் நிற்பது 16,000. வீட்டு மின் இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் வணிக இணைப்புக்குக் கிடையாது, அதையும் கணக்கில் வையுங்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு என்பதால், அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்.

முப்பது பேரும் பன்னிரண்டு மாதமும் கட்டினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கட்டமாட்டார்கள். ஜனவரியில் புத்தாண்டுத் தீர்மானத்தோடு வருவார்கள். ஜூன் 21 யோகா தினத்தையொட்டி ஒரு கூட்டம் சேரும். 2015-லிருந்து அந்த நாள் வந்த பிறகு அது ஒரு சீசனாகவே ஆகிவிட்டது. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு என்று அம்மாக்கள் நின்றுவிடுவார்கள். உங்கள் ஊரில் சித்திரைத் திருவிழா சமயத்தில் ஹாலைத் திறந்து வைத்துக்கொண்டு யாரை எதிர்பார்ப்பது? மே மாதம் ஊருக்குப் போவார்கள், ஐப்பசியில் மழை. நிற்பவர்கள் சொல்லிக்கொண்டும் நிற்பதில்லை. "அடுத்த வாரம் வர்றேன் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். அதனால் இந்தத் தொழிலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று நான் கேட்பதே இல்லை. நாலாவது மாதமும் கட்டணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்பேன். அந்த எண்ணிக்கையை உயர்த்துவது ஆசனம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ரெண்டு நாள் வராவிட்டால் விசாரிப்பது, ஐந்தரை வகுப்பை ஐந்தரைக்கே ஆரம்பிப்பது, கட்டணத்தைக் கூச்சப்படாமல் கேட்பது, இவைதான். கடைசியாகச் சொன்னதுதான் இருபத்தோரு வயதுப் பெண்ணுக்குக் கஷ்டம். தன் அத்தை வயதுள்ளவரிடம் போய்ப் பாக்கியைக் கேட்கவேண்டுமே.

கல்யாணம் ஆகி வேறு ஊர் போனால் என்ன செய்வது என்ற உங்கள் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். அக்கம்பக்கத்தை நம்பி நடத்தும் வகுப்பை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. சான்றிதழ் எங்கேயும் கூடவே வரும். ஆகவே முதலில் சான்றிதழ். மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அதன் தேர்வில் எழுத்தோடு செய்முறையும் உண்டு, பாடம் நடத்திக் காட்டவும் சொல்வார்கள். முதல் நிலை பூங்கா போன்ற இடங்களில் பொதுப் பயிற்சி தருவதற்கு, இரண்டாம் நிலை பள்ளி, அலுவலகம், யோகா நிலையம் போன்றவற்றுக்கு. மகள் இரண்டாம் நிலையைக் குறிவைக்கட்டும். 200 மணி நேரப் பயிற்சி, யோகா அலையன்ஸ் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்காவிலிருந்து இயங்கும் தனியார் பதிவு அமைப்பு, அரசு உரிமம் இல்லை. வெளிநாட்டில் வகுப்பெடுக்கும் எண்ணம் இருந்தால் பயன்படும், மதுரையில் யாரும் கேட்கப்போவதில்லை.

யோகா மருத்துவர் ஆகும் பி.என்.ஒய்.எஸ். படிப்புக்குப் ப்ளஸ் டூவில் அறிவியல் வேண்டும், பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். வணிகவியல் எடுத்தவளுக்கு அந்த வழி இல்லை. ஆனால் எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் சேரக்கூடிய முதுநிலை யோகா படிப்புகள் இருக்கின்றன. யோகாவில் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வும் 2017-லிருந்து நடப்பதால், கல்லூரியில் கற்பிக்கும் வாய்ப்பும் பின்னால் உண்டு.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வுகளில் கிளார்க் தேர்வை 28 வயது வரை, அதிகாரி வேலைக்கான பி.ஓ. தேர்வை 30 வரை எழுதலாம். யோகா வகுப்பு நடப்பது காலையிலும் மாலையிலும்தான், பதினோரு மணியிலிருந்து ஐந்து மணி வரை பொழுது சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் வங்கித் தேர்வுக்குப் படிப்பதில் மகளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. பி.காம். படிப்பும் வீண் போகாது, கணக்கு எழுதத் தெரியாமல் மூடிய நிலையங்கள்தான் அதிகம்.

ஆக, பட்டத்தை முடிக்கட்டும். ஒரு வருடம் ஒரு நல்ல ஆசிரியரிடம் உதவியாளராகப் போகட்டும், சம்பளம் கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை. கூடவே ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியிலோ சமுதாயக் கூடத்திலோ வாடகை இல்லாமல் ஒரு வகுப்பு நடத்திப் பார்க்கட்டும். ஆறு மாதம் கழித்தும் இருபது பேர் தொடர்ந்து வந்தால் ஹாலைப் பற்றிப் பேசுவோம். போர்டில் மட்டும் சர்க்கரை குணமாகும், தைராய்டு குணமாகும் என்று எழுத விடாதீர்கள்.

மாடி ஹாலுக்குப் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 15,000 வாடகை என்றால் அதுவே ஒன்றரை லட்சம். டோக்கன் என்று ஐயாயிரம்கூட இப்போது கொடுக்கவேண்டாம். அடுத்த மாதம் பரீட்சை முடிந்ததும் மகளையும் அப்பாவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் போட்டு வைத்திருக்கும் செலவுக் கணக்கையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.