பழைய றலி பந்தய சைக்கிளுக்கு 450 பவுண் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். ஒரு களஞ்சியசாலையில் வேலை. வீட்டிலிருந்து ஏழு மைல். யாழ்ப்பாணத்தில் அப்பா பல வருடங்கள் றலி சைக்கிள் ஓடியவர் என்பதால் எனக்கும் ஒரு றலி வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இணையத்தில் ஒருவர் 1977ஆம் ஆண்டின் றலி புரொபெஷனல் ஒன்றை 450 பவுணுக்கு விற்கிறார். ரெய்னோல்ட்ஸ் 531 குழாய், இத்தாலியக் காம்பக்னோலோ நிறுவனத்தின் பாகங்கள், எல்லாம் அசல், ரயர் மட்டும் மாற்ற வேண்டும், விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார். பிரேம் அளவு 23½ அங்குலம். என் உயரம் 5 அடி 6 அங்குலம். என்னிடம் உள்ள சேமிப்பு 1,100 பவுண். அதைத் தொடாமல் கடன் அட்டையில் காசு எடுத்து வாங்கலாமா? வேலைக்கும் அதிலேயே போக நினைக்கிறேன்.

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டியை வாங்க வேண்டாம். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, நீங்கள் எழுதியுள்ள இரண்டு அளவுகள் இந்த விடயத்தைத் தீர்த்துவிடுகின்றன. 23½ அங்குலப் பிரேம் என்பது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். ஆறடியைத் தொடும் ஒருவருக்கான அளவு அது. உங்கள் உயரத்துக்கு 21 அங்குலத்தை ஒட்டிய பிரேமே பொருந்தும். சீற்றை எவ்வளவு இறக்கினாலும், நெரிசலான வீதியில் சட்டென்று கால் ஊன்ற வேண்டிய இடத்தில் மேல்குழாய் இடிக்கும். ஹாண்டிலுக்கு எட்டி எட்டி முதுகு வலிக்கும். மற்ற எந்தக் குறையையும் செலவு செய்து திருத்திவிடலாம், பிரேமின் அளவைத் திருத்த முடியாது. பொருந்தாத சைக்கிள் இரண்டு மாதத்தில் கொட்டிலுக்குப் போய்விடும் என்பதால், அதற்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண்.

ஆனால் உங்கள் ஆசை நியாயமானது. அது நிறைவேற வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். அடுத்த வண்டியைப் பார்க்கும்போது எதை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதை, இந்த விளம்பரத்தையே வைத்துச் சொல்கிறேன்.

விற்பவர் கேட்கும் தொகை வண்டியின் விலை அல்ல. அது வீதியில் பாதுகாப்பாக ஓடும் நிலைக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவே அதன் விலை. ‘ரயர் மட்டும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து உயர்தரப் பந்தய வண்டிகளில் பெரும்பாலும் இருந்தவை, ரியூப்பையும் ரயரையும் ஒன்றாகத் தைத்து விளிம்பில் பசையால் ஒட்டும் வகை. அதில் ஒரு சோடிக்கும் பசைக்குமாகத் தோராயமாக 70 பவுண் ஆகும். நடுவழியில் காற்றுப் போனால் சாதாரண ஒட்டு வேலையும் உதவாது. செயினும் பின்சக்கரப் பற்சில்லுத் தொகுதியும் 40, கேபிள்கள், பிறேக் கட்டைகள், ஹாண்டில் சுற்று நாடா ஆகியவை 45, எல்லாப் பெயரிங்குகளையும் கழற்றிக் கழுவிக் கிறீஸ் போட்டுப் பூட்டும் கூலி 120 என்று வைத்தால், 275 பவுண் சேர்ந்துவிடுகிறது. ஆக 450 பவுண் வண்டி 725 பவுண் வண்டியாகிறது. இந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு, கூடுதல் செலவு ஒவ்வொன்றையும் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசுவதே முறை.

பழைய சைக்கிளின் பெறுமதியில் பெரும்பங்கு பிரேமிலேயே இருக்கிறது. ரெய்னோல்ட்ஸ் 531 என்பது பேர்மிங்காம் நிறுவனமொன்று 1935இல் அறிமுகப்படுத்திய, மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாய். அதன் உயர்ந்த வகையில் குழாய்ச் சுவர் முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். எடை குறைவதற்கும் ஓட்டம் இதமாக இருப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் 531 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், பிரேமில் ஒட்டியிருக்கும் குழாய்ச் சீட்டின் மற்ற வரிகளையும் வாசியுங்கள். சில வண்டிகளில் மூன்று பெரிய குழாய்கள் மட்டுமே 531 ஆக இருக்கும். அதுவும் சீரான தடிப்புள்ள மலிவு வகையாக இருக்கலாம். முன் கவையும் பின் கவைகளும் சேர்த்து உயர்ந்த வகை என்றால் சீட்டு அதை வெளிப்படையாகச் சொல்லும். சீட்டைப் புதிதாக அச்சடித்து ஒட்டுவதும் எளிது என்பதால், சீற் கம்பியை வெளியே எடுக்கச் சொல்லி அதில் பொறித்துள்ள விட்டத்தைப் பாருங்கள். 27.2 மில்லிமீற்றர் என்றால் மெல்லிய சுவர்க் குழாய் என்பதற்கு அது நல்ல சான்று, 26.4 போன்ற சிறிய எண் என்றால், ஆங்கிலேயத் தயாரிப்பில் பெரும்பாலும் தடித்த குழாய்தான்.

இதே சோதனை இன்னொரு பெரிய ஆபத்தையும் காட்டிக்கொடுக்கும். அலுமினியக் கம்பி உருக்குக் குழாய்க்குள் கிறீஸ் இல்லாமல் பல வருடங்கள் இருந்தால், ஈரம்பட்டு இரண்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். அதை எடுக்கப் போய்ப் பிரேமே பாழாவதுண்டு. விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே சீற் கம்பியையும் ஹாண்டில் தண்டையும் ஒரு சென்ரிமீற்றராவது அசைத்துக் காட்ட வேண்டும். ‘பிறகு எண்ணெய் விட்டால் வந்துவிடும்’ என்று சொன்னால் நன்றி கூறிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து, ஹாண்டில் பூட்டியிருக்கும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னால் மோதிய வண்டியில் அந்த இடத்தில் சிறிய மடிப்போ வரி வரியான பெயின்ற் வெடிப்போ விரலில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். அது இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஆண்டையும் ஆலையையும் சரிபார்ப்பதும் கடினமல்ல. றலியின் பிரதான ஆலை நொட்டிங்ஹாமில் இருந்தாலும், புரொபெஷனல் போன்ற உயர்தரப் பிரேம்கள் வேர்க்சொப் நகரில், றலி 1960இல் வாங்கிய கார்ல்ற்ரன் நிறுவனத்தின் பட்டறையில் செய்யப்பட்டன. பிரேமில் பொறித்துள்ள 1970களின் நடுப்பகுதித் தொடர் எண்களில் பொதுவாக முதலெழுத்து ஆலையையும் (நொட்டிங்ஹாமுக்கு ‘என்’, வேர்க்சொப்புக்கு ‘டபிள்யூ’), எழுத்துகளுக்கு அடுத்து வரும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணையும் குறிக்கும். காம்பக்னோலோவின் பின் கியர் மாற்றியிலும் அந்த வருடங்களில் காப்புரிமைச் சொல்லுக்கு அருகே ஆண்டின் இரண்டு இலக்கங்களைப் பொறித்தார்கள். ‘எல்லாம் அசல்’ என்பவரின் வண்டியில் பிரேம் 77 என்றும் கியர் மாற்றி 83 என்றும் சொன்னால், பொய் என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. பாகம் மாறியிருக்கிறது என்று விலையைக் குறைத்துக் கேட்கலாம். சாதாரண நொட்டிங்ஹாம் றலிகள் பலவற்றில் பெடல் கைகளைத் தாங்கும் நடு அச்சுப் பகுதியின் புரி, மற்ற ஆங்கிலேய வண்டிகளைப்போல் அங்குலத்துக்கு 24 ஆக இல்லாமல் 26 ஆக இருக்கும். மாற்றுப் பாகம் தேடுவது சிரமம். வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செலவு இது.

விலை ஏறும் என்ற பேச்சுக்கு வருகிறேன். 1980இல் நெதர்லாந்து வீரர் யோப் சூற்றமெல்க் றலி அணிக்காக ரூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அந்த அணியினருக்கு வண்டி செய்த இல்கெஸ்ரன் சிறப்புப் பட்டறையின் பிரேம்களை, ‘எஸ்பி’ (SB) என்று தொடங்கும் எண்ணை வைத்து அடையாளம் கண்டு சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். இத்தாலியில் 1997இல் தொடங்கிய எரொய்க்கா சவாரி, 1987க்கு முந்திய பந்தய வண்டிகளை முன்னிறுத்துவதால், பாகம் மாறாத பழைய வண்டிகளுக்குத் தேவை இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் பார்த்தது கடைகளில் வழக்கமாக விற்ற ஆலை வண்டி. விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல், இணைய ஏலத்தில் ‘விற்று முடிந்தவை’ என்ற பட்டியலில் உண்மையில் கைமாறிய விலைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். நீங்கள் போடும் 275 பவுண் வேலையை அடுத்தவர் உங்களுக்குத் திருப்பித் தரமாட்டார். தினமும் மழையில் ஓடித் தேயும் பொருள் முதலீடு ஆகாது. அதைச் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கடன் அட்டையில் காசு எடுப்பது கூடவே கூடாது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத அவகாசம் காசு எடுத்தால் கிடைக்காது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறுவதோடு கட்டணமும் பிடிப்பார்கள். 1,100 பவுண் என்பது வேலை நின்றால் ஒரு மாத வாடகைக்கே போதாமல் போகக்கூடிய தொகை. அதில் 725ஐ எடுப்பதையும் என்னால் ஏற்க முடியாது.

வேலைக்குப் போகும் வண்டி ஒன்று உடனே தேவையென்றால், வண்டியின் விலையை வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் தவணையாகக் கழிக்கும் சைக்கிள் திட்டம் நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அடிப்படை வரி கட்டுபவர், 20 வீத வருமான வரியும் 8 வீதத் தேசியக் காப்புறுதியும் மிச்சமாவதால், 700 பவுண் புது வண்டிக்கு மாதம் சுமார் 42 பவுணாக 12 மாதத்தில் 504 பவுண் அளவில் இழக்கிறார். முடிவில் வண்டியைச் சொந்தமாக்க ஒரு சிறு தொகை சேரலாம். சம்பளத்தில் கழிக்கும்போது அது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி இருப்பதால், உங்கள் மணிக்கூலியை முதலில் பாருங்கள். தனியாரிடம் வாங்கும் பழைய வண்டிக்கு இந்தத் திட்டம் பயன்படாது.

அப்பாவின் நினைவுக்கு றலியே வேண்டுமென்றால், 1980களின் றலி றோயலைத் தேடுங்கள். சுற்றுப்பயணத்துக்குச் செய்த வண்டி, 531 குழாய், மட்கார்ட் பூட்ட இடமும் துளையும் உண்டு. புரொபெஷனலில் அந்த இடைவெளியே இல்லை என்பதை லண்டன் மழையில் ஏழு மைல் போகிறவர் எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தயப் பெயர் இல்லாததால் பல வேளைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும். மாதம் 40 பவுண் தனியாக ஒதுக்குங்கள். 21 அங்குலத்தில் நல்லது ஒன்று கண்ணில் படும்போது பணம் கையில் இருக்கும்.

தனியாரிடம் வாங்கும்போது, பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும், அதை விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்பவற்றுக்கு அப்பால் சட்டத்தின் பாதுகாப்பு அதிகமில்லை. கடையில் வாங்கினால் தரத்துக்கும் உத்தரவாதம் உண்டு. ஆகவே விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருங்கள். திருட்டு வண்டியென்றால் உரியவர் கேட்கும்போது நீங்கள் இழக்க நேரிடும் என்பதால், பிரேம் எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பைக்ரெஜிஸ்டர் தளத்தில் சரிபாருங்கள். எண்ணைத் தரத் தயங்குபவரிடம் போகவே வேண்டாம். பணத்தை வண்டியைப் பார்த்த பிறகு மட்டும் கொடுங்கள்; பெயர், திகதி, தொகை, பிரேம் எண் ஆகிய நான்கும் எழுதிய ஒரு துண்டில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.