ரெய்டு 5-ல் இரண்டாவது டிஸ்க்கும் கழன்றால் கிரியேட் கொடுக்காதீர்கள்

நான்கு 4 டிபி டிஸ்க் வைத்து லினக்ஸில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் தொகுப்பு), ஒன்று பழுதாகி, புதுசு போட்டு ரீபில்டு (புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) ஓடும்போதே இன்னொன்றும் கழன்றுவிட்டது, அதனால் தொகுப்பைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். டிஸ்க் வரிசையோ ஆஃப்செட்டோ (டேட்டா தொடங்கும் இடம்) மாறிப்போய் ரீசிங்க் (டிஸ்க்குகளை ஒத்துப்போக வைக்க மேலே எழுதுவது) ஓடினால் டேட்டா சிதைந்துவிடும், அப்புறம் மீட்பது ரொம்பக் கஷ்டம்.

முதலில் எம்டிஆடமில் (mdadm, லினக்ஸில் ரெய்டைக் கையாளும் கருவி) எக்ஸாமின் கொடுத்து ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணையும் (தொகுப்பில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) எழுதி வையுங்கள். இப்போது கழன்ற டிஸ்க்கின் எண் நன்றாக இருக்கும் இரண்டோடு பெரும்பாலும் நெருங்கியே இருக்கும், அப்படியென்றால் அந்த மூன்றே போதும், புது டிஸ்க்கைச் சேர்க்காதீர்கள். ஆனால் அவசரப்படாமல், கழன்றதை டிடிரெஸ்க்யூ (ddrescue, பழுதான டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கும் கருவி) மூலம் வேறொரு டிஸ்க்கில் முழுசாகக் காப்பி எடுத்து, மூலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காப்பியோடு அசெம்பிள் ஃபோர்ஸ் (இருக்கும் டிஸ்க்குகளைக் கட்டாயமாகச் சேர்த்து எழுப்பும் கட்டளை) கொடுங்கள். எழுந்து வந்தால் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மவுண்ட் செய்து, முக்கியமான ஃபைல்களை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் ஒரு சந்தேகம்: கெட்ட செக்டாரைப் படிக்க அது நிமிடக்கணக்கில் முயலும், லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடலாம். ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) என்ற கருவியில் எஸ்சிடி இஆர்சியை (கெட்ட செக்டாரோடு டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்ற வரம்பு) 7 நொடியாக வையுங்கள், டிஸ்க் அதை ஏற்காவிட்டால் லினக்ஸ் பக்கம் டைம்அவுட்டை 180 நொடி ஆக்குங்கள். எக்ஸாமின் காட்டுவதை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.