நகர மண்டபத்தில் ஆர்கன் எதற்கு?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகர மண்டபத்தில் இருக்கும் பைப் ஆர்கன் பற்றி, அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய வாத்தியம் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆர்கன் சர்ச்சுக்கு உரியது. நகராட்சி மண்டபத்தில் அதற்கென்ன வேலை? ஒரு கீபோர்டும் நாலு ஸ்பீக்கரும் போதும் என்கிற காலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து அதைப் பழுதுபார்த்தது வீண் இல்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

வீண் இல்லை. அந்த ஆர்கன் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1912. வானொலி கிடையாது. முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக் காப்பாற்றும் வசதி பெருநகரங்களுக்கு மட்டுமே இருந்தது. ஆர்கன் இருந்தால் ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு சிம்பொனியை ஊருக்கே வாசித்துக் காட்டலாம். நகரத்துக்குப் பொது நூலகம் எப்படியோ, அப்படித்தான் அதை வைத்தார்கள். நகராட்சியே ஒரு ஆர்கன் கலைஞரையும் நியமித்தது.

பழைய நகர மண்டபம் 1908-ல் தீயில் எரிந்துபோயிற்று. ஹெர்மன் கோட்ச்மார் என்ற இசை ஆசிரியர் இறந்ததும் அதே ஆண்டில்தான். ஜெர்மனியிலிருந்து வந்து அந்த ஊருக்கே இசை சொல்லிக்கொடுத்தவர். அவருடைய நண்பர் தன் மகனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்: சைரஸ் ஹெர்மன் கோட்ச்மார் கர்ட்டிஸ். மகன் வளர்ந்து பெரிய பத்திரிகை அதிபரானார். புது மண்டபம் எழுந்தபோது கோட்ச்மார் நினைவாக கர்ட்டிஸ் கொடுத்ததுதான் இந்த ஆர்கன்.

கீபோர்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆர்கனைச் செய்தது ஆஸ்டின் கம்பெனி. அவர்களுடைய ஆர்கனில் குழாய்களுக்குக் கீழே இருக்கும் காற்றுப்பெட்டி ஒரு அறை அளவு பெரியது. வாசிப்பு நடக்கும்போதே ஆள் உள்ளே போகலாம். ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேறிவிடும். உள்ளே அழுத்தம் ஏறுவதில் காது அடைக்கும். தலைக்கு மேலே வரிசை வரிசையாக வால்வுகள். மேடையில் ஒரு கட்டையை அழுத்தினால் இங்கே ஒரு வால்வு திறந்து, அதற்கு மேலிருக்கும் குழாய்க்குள் காற்று பாயும். அப்படி 7,000-க்கு மேற்பட்ட குழாய்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று தானே ஒலிக்கிறது. பெரிய ஆர்கன்களின் ஆகக் கீழான சுரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வுதான். காது அதைப் பிடிப்பதற்குள் நெஞ்சும் நாற்காலியும் உணர்ந்துவிடும். நாலு ஸ்பீக்கரில் அது வராது. அந்த மண்டபத்தின் சுவரும் கூரையும்கூட அந்த வாத்தியத்தில் சேர்த்திதான்.

பணம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. 1981-ல் நகராட்சியே கையை விரித்துவிட்டது. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து, நன்கொடை திரட்டி, ஆர்கனையும் கலைஞரையும் காப்பாற்றினார்கள். 2012-ல் நூற்றாண்டு விழா முடிந்த கையோடு மொத்தத்தையும் கழற்றி, பழுதுபார்க்க கனெக்டிகட் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். அந்தச் செலவில் ஏறக்குறைய பாதியை நகராட்சி கொடுத்தது, மீதி மக்கள் பணம். 2014 செப்டம்பரில் அது மறுபடி ஒலித்தது. தன் ஊர்ச் சொத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேல் கைக்காசு போட்டவர்களை என்னால் வணங்கத்தான் முடிகிறது.

அந்தப் பக்கம் போக வாய்த்தால் கோடையில் போங்கள், ஆர்கன் கச்சேரிகள் நடக்கும். முன்வரிசை வேண்டாம், பால்கனியில் உட்காருங்கள்.